தொட்டுப் பார்க்கும் கை யாருக்காக?



கிளினிக்கில் டாக்டர் நம்மைப் பரிசோதிக்கும் இரண்டு நிமிஷத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நாக்கை நீட்டச் சொல்கிறார். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்க்கிறார். சட்டையைத் தூக்கச் சொல்லி வயிற்றை அமுக்குகிறார். வளர்ந்து ஆளான பிறகு அம்மா அப்பாகூட நம்மை அப்படித் தொடுவதில்லை. முன்பின் தெரியாத ஒருவருக்கு அந்த உரிமையை எப்படிக் கொடுக்கிறோம்? எதை நம்பிக் கொடுக்கிறோம்?

செமினியில் பொறியியல் படிக்கும் மாணவன் நான். ஹாஸ்டல் நண்பர்களிடம் இதைக் கேட்டால், "மச்சான், கையில கட்டியிருக்கிற வாட்ச்சே நாடித் துடிப்பு சொல்லுது, இனி டாக்டர் எதுக்குத் தொடணும்?" என்கிறார்கள். இயந்திரங்களைப் படிக்கிற எனக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் படுகிறது. ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. நம்மைத் தொட்டுப் பார்க்கிற அந்தக் கை யாருக்காக வேலை செய்கிறது? அதில் தெரிய வரும் விஷயம் யாருக்குப் போய்ச் சேருகிறது? இதைத் தர்மத்தைப் பற்றிய கேள்வியாகவே நான் பார்க்கிறேன்.

இரண்டு வகைப் பரிசோதனை

பல்கலைக்கழகத்தில் சேரும்போது நாம் எல்லாரும் ஒரு பாரத்தைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடியிருப்போம். உயரம், எடை, கண் பார்வை, சிறுநீர், எக்ஸ்ரே. கடைசியில் டாக்டர் கையெழுத்து, ஒரு சாப். அந்தத் தாள் நமக்காக எழுதப்பட்டது இல்லை. இவனைச் சேர்க்கலாமா என்று கேட்கும் நிர்வாகத்துக்காக எழுதப்பட்டது.

செமினியைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு இது இன்னும் கடுமை. 1997 முதல் ஃபோமேமா என்ற ஏற்பாட்டின் கீழ் அவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை நடக்கிறது. முடிவில் வருவது ஒரே சொல்: ஃபிட், இல்லாவிட்டால் அன்ஃபிட். அன்ஃபிட் என்று வந்தால் பெர்மிட் போய்விடும், ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். தொற்றுநோய் பரவாமல் தடுக்க ஒரு நாட்டுக்கு இப்படி ஓர் ஏற்பாடு தேவைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அறையில் சட்டையைக் கழற்றி நிற்கும் மனிதனுக்கு டாக்டரின் கை உதவியாகத் தெரியுமா, தீர்ப்பாகத் தெரியுமா?

இதற்கு நேர் எதிரானது குடும்ப டாக்டர் செய்யும் பரிசோதனை. இருமல் பத்து நாளாக நிற்கவில்லை என்று போகிறோம். முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, "நல்லா மூச்சை இழுத்து விடுங்க" என்கிறார். அவர் கேட்டதை நம்மிடமே சொல்கிறார். நமக்கு என்ன நல்லது என்று யோசிக்கிறார்.

இரண்டு இடத்திலும் அதே ஸ்டெதஸ்கோப்தான், அதே விரல்கள்தான். வித்தியாசம், அந்தக் கை யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்பதில் இருக்கிறது.

நம் முன்னோர்களைத் தொட்ட கைகள்

இந்த வித்தியாசத்தை நம் சமூகம் ஏன் அதிகம் உணர வேண்டும் என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு.

நம்மில் பலருடைய பாட்டன், பூட்டன் தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்கள். 1907-ல் இந்தியத் தொழிலாளர் குடியேற்றத்துக்காக ஒரு நிதி அமைக்கப்பட்ட பிறகு, நாகப்பட்டினத்திலும் சென்னைக்குப் பக்கத்து ஆவடியிலும் இருந்த முகாம்களில் ஆட்களைச் சேர்த்து வைத்தார்கள். கப்பல் ஏறும் முன் அங்கே மருத்துவச் சோதனை, அம்மைத் தடுப்பூசி. கப்பல் இறங்கியதும் பினாங்கின் ஜெரெஜாக் தீவிலோ, இன்று போர்ட் கிள்ளான் என்று நாம் அழைக்கும் போர்ட் சுவெட்டன்ஹாமிலோ தனிமை முகாம். மறுபடியும் சோதனை. நம் குடும்பத்தில் நவீன மருத்துவத்தின் கை முதலில் பட்ட உடம்பு, அநேகமாக அப்படி வரிசையில் நின்ற ஓர் உடம்புதான். அந்தக் கை தேடியது ஒன்றே: இந்த ஆள் வேலை செய்வானா?

அதே கிள்ளானில் இன்னொரு கதையும் நடந்தது. 1901-ல் அங்கே மாவட்ட மருத்துவராக வந்தவர் மால்கம் வாட்சன். அந்த வருஷம் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தை மூடிவிடலாமா என்று பேசும் அளவுக்கு அங்கே மலேரியா தாக்கியது. வாட்சன் சதுப்பு நிலங்களை வடியச் செய்தார், கால்வாய் வெட்ட வைத்தார். பிறகு தோட்டம் தோட்டமாகப் போய்க் குழந்தைகளின் இடது விலா எலும்புக்குக் கீழே விரல் வைத்து அமுக்கிப் பார்த்தார். மலேரியா திரும்பத் திரும்ப வந்த உடம்பில் மண்ணீரல் வீங்கியிருக்கும், அது கைக்குத் தட்டுப்படும். நூறு குழந்தைகளில் எத்தனை பேருக்கு வீக்கம் என்று எண்ணினால் அந்த இடத்தில் எவ்வளவு மலேரியா என்று தெரிந்துவிடும். அந்தக் கணக்குகளை 1911-ல் புத்தகமாகவே போட்டார். எந்தக் கொசு எந்தத் தண்ணீரில் வளருகிறது, சமவெளிக்கு எப்படி வடிகால், குன்றுப் பகுதிக்கு எப்படி வடிகால் என்று தீர்மானிக்க அந்தக் கணக்குகள் உதவின.

பொறியியல் மாணவனாக இதைப் படித்தபோது எனக்குச் சிலிர்ப்பாக இருந்தது. இயந்திரம் எதுவும் இல்லாமல், பத்து விரலை வைத்து ஒரு மாவட்டத்தையே அளந்திருக்கிறார் மனுஷன். அதனால் எத்தனையோ உயிர் பிழைத்தது. அந்தக் குழந்தைகளில் நம் சொந்தக்காரர்களும் இருந்திருக்கலாம். ஆனால் மனசில் ஒன்று உறுத்தவும் செய்தது. தோட்டங்களுக்கு மலேரியா கவலை தந்ததற்கு முதல் காரணம் வேலை நின்றுபோவது. குழந்தையின் மண்ணீரல் அட்டவணையில் ஓர் எண்ணாகிவிட்டது. நல்லது நடந்தது, சந்தேகமே இல்லை. ஆனாலும் கையை வைத்தவர் கணக்குச் சொல்லவேண்டிய இடம் அந்தக் குழந்தையோ அதன் தாயோ இல்லை. நல்ல விளைவு வேறு, சரியான உறவு வேறு. இரண்டும் சேர்ந்தே வர வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

அதற்குப் பிறகு தோட்ட ஆஸ்பத்திரியும் டிரஸ்சரும். காலையில் பெரட்டுக்கு வராதவன் நிஜமாகவே காய்ச்சலில் கிடக்கிறானா, இல்லை சாக்குச் சொல்கிறானா என்பது அவர் நெற்றியில் கை வைத்துச் சொல்லும் வார்த்தையில் இருந்தது. டிரஸ்சர்களில் தங்கமான மனிதர்கள் நிறையப் பேர். இரவு பகல் பார்க்காமல் லயத்துக்கு வந்து பிரசவம் பார்த்தவர்களைப் பற்றி நம் பெரியவர்கள் இன்னும் நன்றியோடு பேசுகிறார்கள். ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுத்தது தோட்டம். அவர் பதில் சொல்ல வேண்டியது துரைக்கு.

எம்.சி. என்ற பழக்கம்

தோட்டங்கள் உடைந்தன. ரப்பர் மரம் நின்ற இடத்தில் வீடமைப்புப் பகுதிகள் வந்தன. நாம் டாமானுக்கும் அடுக்குமாடிக்கும் மாறினோம். ஆனால் பழைய மனப்பான்மை முழுசாகப் போய்விட்டதா?

நம்மில் எத்தனை பேர் உடம்பைக் காட்ட கிளினிக்குப் போகிறோம், எத்தனை பேர் எம்.சி. வாங்கப் போகிறோம்? 1955-ஆம் வருஷ வேலைச் சட்டப்படி சேவைக் காலத்தைப் பொறுத்து வருஷத்துக்கு 14, 18 அல்லது 22 நாள் மருத்துவ விடுப்பு உண்டு. அதற்கு டாக்டரின் சான்று வேண்டும். சட்டம் நல்ல சட்டம், தொழிலாளிக்குப் பாதுகாப்பு. ஆனால் அதனாலேயே டாக்டர் அறை நம் கண்ணில் ஒரு சாட்சிக் கூண்டாகிவிட்டது. அங்கே போய் நம் நோயை நிரூபிக்கிறோம். அவர் நம்பினால் தாள் கிடைக்கும்.

நானே பார்த்திருக்கிறேன். ஒரு கிளினிக்கில் எனக்கு முன்னால் போன அண்ணன் இரண்டு நிமிஷத்தில் தாளோடு வெளியே வந்தார். "என்னண்ணே, செக் பண்ணாங்களா?" என்று கேட்டேன். "செக் எதுக்குத் தம்பி, எம்.சி. கிடைச்சிருச்சு" என்றார், சந்தோஷமாக. டாக்டரும் தொடவில்லை, இவரும் கேட்கவில்லை. இரண்டு பேருக்குமே திருப்தி.

இதில்தான் ஆபத்து இருக்கிறது. நமக்காக இல்லாத கைகளுக்கு மூன்று தலைமுறையாக உடம்பைக் காட்டிப் பழகிய நாம், நமக்காகவே இருக்கிற ஒரு கையிடமிருந்தும் நழுவி ஓடுகிறோம்.

கால்

என் பாட்டிக்கு இனிப்பு நீர். மாதாந்திர மருந்துக்காக அரசாங்க கிளினிக்குக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போவேன். ஒருநாள் புதிதாக வந்திருந்த இளம் டாக்டர், மலாய்க்காரப் பெண், பாட்டியின் முன்னால் குனிந்து உட்கார்ந்து, "மாச்சிக், செலிப்பாரைக் கழற்றுங்க, காலைப் பார்க்கணும்" என்று மலாயில் சொன்னார். பாட்டி பதறிப்போய்க் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். "தாக் பாயா லா டாக்டர், தாக் பாயா." பிறகு என்னிடம் தமிழில், "படிச்ச புள்ள, எங்காலைப் போயித் தொடுதே" என்றார்.

நம் பண்பாட்டில் காலைத் தொடுவது சாதாரண விஷயமா? ஆசீர்வாதம் வாங்க நாம் குனிகிறோம். மற்றபடி கால் என்றால் தாழ்ந்தது, அழுக்கானது. யார் யாரைத் தொடலாம், யாரைத் தொடக்கூடாது என்று தீட்டுக் கணக்குப் போட்டு நாம் செய்த அநியாயமும் நம் சரித்திரத்தில் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு நம் சமயத்தைப் பெருமையாகப் பேச முடியாது. அந்த டாக்டர் மதம், இனம், வயது, படிப்பு எதையும் பார்க்காமல் ஒரு கிழவியின் பாதத்தை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். பக்தி என்று நாம் சொல்வதற்கு ரொம்பப் பக்கத்தில் அது இருந்தது.

அவர் கையில் ஒரு சின்னக் கருவி. பிடியின் முனையில் ஒரு நைலான் இழை, தூண்டில் நரம்பு மாதிரி. அதைப் பாதத்தில் சில இடங்களில் வைத்து அழுத்தி, "தெரியுதா?" என்று கேட்டார். இழை 10 கிராம் விசையில் வளைந்துவிடும். எங்கள் வகுப்பில் மெல்லிய தூண் எந்தச் சுமையில் வளையும் என்று ஆய்லர் கணக்குப் போடுவோம். அதே தத்துவம்தான் இது. டாக்டர் கை பலமாக அழுத்தினாலும், வளைந்த பிறகு விசை பெரிதாகக் கூடாது. அதனால் செமினியிலும் சென்னையிலும் ஒரே அளவுதான். இந்த 10 கிராமை உணராத பாதம் ஆணி குத்தினாலும் உணராமல் போகலாம். இனிப்பு நீர் நரம்பை மரத்துப்போகச் செய்கிறது. வலி இல்லாத புண் பெரிதாகி, சீழ் பிடித்து, கடைசியில் விரலை, காலை எடுக்கும் நிலைக்குக் கொண்டுவிடுகிறது.

பாட்டி மூன்று இடத்தில் "தெரியலையே" என்றார். சுண்டுவிரல் இடுக்கில் ஒரு சின்னப் புண்ணும் இருந்தது. வீட்டில் யாருக்கும் தெரியாது, பாட்டிக்கே தெரியாது. மருந்து போட்டுக் கட்டி, எந்த மாதிரிச் செருப்புப் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். புண் ஆறிவிட்டது.

இது ஒரு பாட்டியின் கதை மட்டும் இல்லை. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு, எல்லா இனங்களிலும் அதிகம். அந்த ஆய்வில் நீரிழிவு இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரிந்திருக்கவில்லை. திருவிழாவில் பந்தி பரிமாறும்போது வரிசையைப் பாருங்கள். மூன்று பேரில் ஒருவர் என்றால் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

நம் வயதுக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. கழுத்தின் பின்பக்கம் சிலருக்குக் கருத்து, வெல்வெட் துணி மாதிரி தடித்திருக்கும். "அழுக்கு, நல்லா தேய்ச்சிக் குளி" என்று வீட்டில் திட்டுவார்கள். பல நேரம் அது அழுக்கே இல்லை. இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு உடம்பு காட்டும் அடையாளம். சட்டைக் காலரை விலக்கிப் பார்க்கும் ஒரு டாக்டர் அதைப் பத்து விநாடியில் கண்டுபிடிப்பார். விலக்காதவருக்கு அது தெரிய வராது.

நியாயமான இரண்டு மறுப்புகள்

ஒரு பக்கம் மட்டும் பேசிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை.

முதல் மறுப்பு: எந்தக் குறையும் இல்லாதவர்களை வருஷா வருஷம் தலை முதல் கால் வரை பரிசோதித்தால் ஆயுள் கூடுமா? காக்ரேன் என்ற சர்வதேச ஆய்வுக் குழு, இரண்டரை லட்சம் பேர் கலந்துகொண்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2019-ல் சொன்ன முடிவு: பொதுவான உடல் பரிசோதனைகள் மொத்த இறப்பு விகிதத்தைக் குறைத்ததாகத் தெரியவில்லை. இது முக்கியமான உண்மை. மால்களில் "ஃபுல் பாடி செக்கப்" பேக்கேஜ் விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். ஆகவே எல்லாருக்கும் எல்லாவற்றையும் தடவிப் பாருங்கள் என்று நான் கேட்கவில்லை. யாருக்கு எது தேவை என்று அறிந்து தொட வேண்டும். நீரிழிவு உள்ளவருக்கு வருஷத்தில் ஒரு தடவையாவது கால். மூச்சு வாங்குபவருக்கு நெஞ்சும் கணுக்கால் வீக்கமும். சோர்ந்து கிடக்கும் பெண்ணுக்குக் கண் இமையின் உள்பக்கம், ரத்தசோகை இருக்கிறதா என்று. யாருக்கு எது என்பதை உங்களைத் தெரிந்த டாக்டர்தான் சொல்ல முடியும். குடும்ப டாக்டர் ஒருவர் இருப்பதன் அர்த்தமே அதுதான்.

இரண்டாவது மறுப்பு என் நண்பர்களுடையது: இயந்திரம் கையைவிடத் துல்லியமானது. பல விஷயத்தில் உண்மை. ஈரலின் அளவை ஸ்கேன் சொல்கிற மாதிரி விரல் சொல்லாது. ஆனால் ஸ்கேனுக்கு யாரை, எந்த இடத்துக்கு அனுப்புவது என்று யார் முடிவு செய்வது? ஆப்ரகாம் வர்கீஸ் என்ற மருத்துவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் 1979-ல் பட்டம் பெற்று, இப்போது அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியராக இருக்கிறார். கட்டிலில் படுத்திருக்கும் மனிதரை விட்டுவிட்டு, கணினித் திரையில் இருக்கும் நோயாளியைத்தான் டாக்டர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவர் 2008-ல் எழுதினார். அந்தத் திரை நோயாளிக்கு "ஐபேஷண்ட்" என்று பெயரும் வைத்தார். பரிசோதனை ஒரு சடங்கு என்பது அவர் கருத்து. சடங்கு என்றால் நமக்கா தெரியாது? தெரியாத இருவரை ஓர் உறவுக்குள் கொண்டுவருவது சடங்கு. சரியாகச் செய்யப்பட்ட பரிசோதனையும், "இனி உன் உடம்பு என் பொறுப்பு" என்று ஒருவர் வாய் திறக்காமல் சொல்வதுதான்.

நம் சித்த வைத்தியமும் இதை அறிந்தே வைத்திருந்தது. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எட்டு வகைத் தேர்வு. ஸ்பரிசம் என்றால் தொடுதல். மொழி என்றால் நோயாளியின் பேச்சு, குரல். தொடுவதும் கேட்பதும் ஒரே பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள்.

கூச்சமும் சம்மதமும்

தொடுவது நல்லது என்று சொல்லும்போதே தொட விடாமல் இருக்கும் உரிமையையும் சொல்லியாக வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் தர்மம்.

ஸ்டெதஸ்கோப் பிறந்த கதை இதற்கு அழகான உதாரணம். 1816-ல் பிரான்சில் லெய்னெக் என்ற மருத்துவரிடம் இதய நோயின் அறிகுறிகளோடு ஓர் இளம்பெண் வந்தார். நேரடியாக மார்பில் காதை வைத்துக் கேட்பது அந்தக் காலத்தில் ஒரு வழி. அவருக்கு அது முறையாகப் படவில்லை. ஒரு தாளைச் சுருட்டிக் குழலாக்கி, ஒரு முனையை நெஞ்சிலும் மறு முனையைத் தன் காதிலும் வைத்தார். சத்தம் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது! ஒரு பெண்ணின் கூச்சத்தை மதித்ததில் பிறந்த கருவி இன்று உலகத்து டாக்டர்கள் எல்லாருடைய கழுத்திலும் தொங்குகிறது.

ஆகவே, தங்கைகளே, தம்பிகளே, இதைத் தெரிந்துகொள்ளுங்கள். எதற்காகத் தொடுகிறேன் என்று டாக்டர் முதலில் சொல்ல வேண்டும். நீங்கள் சரி என்ற பிறகே தொட வேண்டும். மார்பு, அடிவயிறு போன்ற இடங்களைப் பார்க்கும்போது நர்ஸோ வேறொருவரோ கூட இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். பெண் டாக்டர் வேண்டும் என்றும் கேட்கலாம். கேட்டால் கோபப்படும் டாக்டர் நமக்குத் தேவையில்லை.

அதே சமயம் வெட்கத்தின் பெயரால் உயிரை இழக்கவும் கூடாது. மலேசியாவில் மார்பகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படும் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் தெரிய வருகிறது. "கட்டி ரொம்ப நாளாவே இருந்துச்சு, யார்கிட்ட காட்டறதுன்னு கூச்சமா இருந்துச்சு" என்று சொல்லும் அம்மாக்களும் அத்தைகளும் நம் வீட்டிலும் இருக்கலாம். உடம்பைக் கோயிலாகப் பார்த்தவர் திருமூலர். அந்தக் கோயிலில் விரிசல் விழுந்தால் ஸ்தபதியிடம் காட்டுவது அவமானமா?

நேரமும் காசும்

டாக்டர்களை மட்டும் குறை சொல்வதும் அநியாயம். 2006-ஆம் ஆண்டு விதிகள் தனியார் கிளினிக் டாக்டரின் ஆலோசனைக் கட்டணத்தை 10 முதல் 35 வெள்ளி வரை என்று வகுத்தன. வருஷங்கள் ஓடின, வாடகையும் சம்பளமும் ஏறின, அந்த எண் நெடுங்காலம் அப்படியே நின்றது. தலைமுடி வெட்டக்கூட சில இடத்தில் அதைவிட அதிகம் கேட்கிறார்கள்! கவனத்துக்குக் காசு இல்லாத இடத்தில் மருந்தில்தான் காசு எடுக்க வேண்டியிருக்கும். பத்து நிமிஷம் தொட்டுப் பார்ப்பவருக்கும் இரண்டு நிமிஷத்தில் மாத்திரை கொடுப்பவருக்கும் ஒரே கட்டணம் என்றால், எந்தப் பழக்கம் வளரும்? "ஊசி போடல, மருந்தும் கம்மி, இந்த டாக்டர் வேஸ்ட்" என்று நாம் பேசுவதும் அந்தப் பழக்கத்துக்கு உரம்தான்.

அரசாங்க கிளினிக்கில் நமக்கு ஒரு வெள்ளிதான். ஆனால் காலையில் போய் நம்பர் எடுத்தவர்களைக் கேளுங்கள், கூட்டம் எப்படி என்று. 2023-ல் நாடாளுமன்றம் ஏற்ற சுகாதார வெள்ளை அறிக்கை, ஆஸ்பத்திரியை மட்டும் நம்பாமல் ஆரம்பச் சுகாதார மருத்துவத்தைப் பலப்படுத்த வேண்டும் என்கிறது. அது காகிதத்தோடு நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதில் ஓட்டுப்போடும் வயதுக்கு வந்துவிட்ட நமக்கும் வேலை இருக்கிறது.

நான்காவது ஆள்

திருக்குறளில் "மருந்து" என்று ஓர் அதிகாரம், 95-வது. அதன் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு பங்காகப் பிரிக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர். எனக்குப் பிடித்தது அந்த நான்காவது ஆள். அவர் டாக்டரும் இல்லை, நோயாளியும் இல்லை. ஆனால் அவர் இல்லாவிட்டால் மருத்துவம் முழுமை இல்லை என்கிறார்.

அந்த நான்காவது ஆள் நாம்தான். மலாய் சரளமாக வராத பாட்டிக்கும், "எனக்கு ஒண்ணும் இல்ல" என்று மழுப்பும் அப்பாவுக்கும், எல்லாருக்கும் சமைத்துவிட்டுத் தன் வலியை மறைக்கும் அம்மாவுக்கும் பக்கத்தில் உட்கார வேண்டியவர்கள். பெரிய சேவை முகாம் நடத்துவது நல்லதுதான். அதற்கு முன், நம் வீட்டிலேயே செய்யக்கூடிய நான்கு காரியம் உண்டு.

ஒன்று, குடும்பத்துக்கு ஒரே டாக்டரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். எம்.சி. சுலபமாகக் கிடைக்கும் இடம் எது என்று தேடாதீர்கள், நம்மைப் பேர் சொல்லிக் கூப்பிடும் இடம் எது என்று தேடுங்கள்.

இரண்டு, 40 வயதைத் தாண்டிய, ரஹ்மா உதவித்தொகை பெறும் பெற்றோருக்கு 2019-ல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. தகுதி இருக்கிறதா என்று போனில் பார்த்துச் சொல்ல நமக்கு ஐந்து நிமிஷம் போதும். அவர்களுக்கு அது தானாகத் தெரிய வராது.

மூன்று, இனிப்பு நீர் உள்ளவரைக் கூட்டிப் போனால் டாக்டர் மறந்தாலும் நீங்கள் கேளுங்கள்: "டாக்டர், காலையும் ஒரு தடவை பார்த்துடுங்க." ரத்தக் கொதிப்பு அளக்கும் முன் ஐந்து நிமிஷம் உட்காரவிடச் சொல்லுங்கள். அளக்கும்போது பேசாமல் இருக்கச் சொல்லுங்கள்.

நான்கு, வீட்டிலேயே வாரத்தில் ஒருநாள் தாத்தா பாட்டியின் பாதத்தை நீங்களே கழுவித் துடைத்து, விரல் இடுக்கில் புண் இருக்கிறதா என்று பாருங்கள். கோயிலில் பாத பூஜை செய்ய வரிசையில் நிற்கிறோம். அதற்குரிய பாதங்கள் நம் வீட்டு ஹாலில், டிவி முன்னால் நீட்டியபடி இருக்கின்றன.

நம் முன்னோர்களின் உடம்பைப் பலர் தொட்டுப் பார்த்தார்கள், எடை போட்டார்கள், எண்ணினார்கள். பெரும்பாலும் அது அவர்களுக்காக இல்லை. இன்று நமக்காகத் தொடும் ஒரு கையைத் தேடிக்கொள்ளவும், அதைக் கேள்வி கேட்கவும், அது தவறினால் "வேண்டாம்" என்று சொல்லவும் நமக்குச் சுதந்திரம் இருக்கிறது. அந்தச் சுதந்திரத்தை ஓர் எம்.சி. தாளுக்கு விற்றுவிடக் கூடாது என்பதே என் வேண்டுகோள்.